மாங்குளத்து ஜீப் கராஜ்: 100க்கு 71

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயர்ப்பலகை கிடையாது. மாங்குளம் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு மல்லாவிப் பக்கம் திரும்புங்கள். கொஞ்சத் தூரம் போனதும் இடது பக்கத்தில் பெரிய பாலை மரமொன்று நிற்கும். அதன் கீழே முன்சில்லு இல்லாத ஒரு உழவு இயந்திரம், கண்ணாடி இல்லாத ஒரு ஒஸ்ரின் கார், நிழலை விட்டு நகராத ஒரு நாய். அதுதான் கராஜ். வாசலில் நின்று "அண்ணை" என்று கூப்பிட்டால் ஏதோ ஒரு வாகனத்துக்கு அடியில் இருந்து "ஓம்" என்று சத்தம் வரும். ஆள் வெளியே வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்திலேயே பொறுமையைப் பழகத் தொடங்கிவிட்டால் பிறகு வசதியாக இருக்கும்.

நான் கொண்டுபோனது அம்மப்பாவின் வில்லிஸ் ஜீப். சீ.ஜே. 3-பீ ரகம், 1954ஆம் ஆண்டு வண்டி. அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்து டொலிடோ நகரில் செய்தது. பழைய ஜீப்புகளுக்குள் இந்த ரகத்தைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கலாம், பொனற் மற்றவற்றை விட உயரமாக எழும்பி நிற்கும். அழகுக்காகச் செய்த உயரமில்லை. முந்திய எஞ்சினில் வால்வுகள் எல்லாம் கீழே, சிலிண்டர்கள் இருக்கும் புளொக்கில் இருந்தன. இதில் காற்றை உள்ளே இழுக்கும் வால்வுகளை மேலே, புளொக்கை மூடும் ஹெட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, புகை விடும் வால்வுகளை மட்டும் கீழே விட்டார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதை மூடப் பொனற்றும் உயர்ந்தது. பார்க்கக் கொஞ்சம் வீங்கின முகம்தான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'மண்டையன்'.

வவுனிக்குளத்தைத் திருத்திக் குடியேற்றம் நடந்த காலத்தில் வந்தவர்களில் அம்மப்பாவும் ஒருவர். குளத்து வேலை செய்த ஒரு கொந்தராத்துக்காரரிடம் இருந்து பிறகு இந்த ஜீப்பை வாங்கினார். 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத்தகட்டுக்கு வர முன்னமே பதிந்த வண்டி என்பதால் இதில் ஆங்கில எழுத்துத்தான். ஊரில் மற்றவர்கள் ஸ்ரீக்கு மேல் தார் பூசிக்கொண்டு திரிந்தபோது தனக்குத் தார்ச் செலவு மிச்சம் என்று சொல்லிச் சிரிப்பாராம்.

தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் மண்டையன் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் இருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினைக் கிளப்புவது, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடுவது. இன்றைய கார் இதற்கு ஒத்துவராது. வில்லிஸின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படும் என்பது, வெறும் 6.9க்கு 1, அதனால் மட்டமான எண்ணெயையும் தட்டாமல் குடித்தது. ஆனால் குடித்ததற்குக் கணக்கும் வைத்தது. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் தண்ணீராக்கிவிடும். பிஸ்ரன் ரிங்ஸ் தேயும், கரி கட்டும். அண்ணை எஞ்சினைத் திறந்தபோது பிஸ்ரனின் தலையில் கட்டியிருந்த கரியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது தொண்ணூறாம் ஆண்டுக் கரி ரீச்சர்" என்றார்.

2008இல் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது ஜீப் தருமபுரம் வரைதான் வந்தது. உறவுக்காரர் வளவில் ஒரு மாமரத்துக்குக் கீழே விட்டுவிட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்து பார்த்தபோது சில்லு நாலும் இல்லை, சீற் இல்லை, பொனற் திறந்தபடி கிடந்தது. எஞ்சின் மட்டும் இருந்தது. கழற்றத் தெரியாமலோ தூக்க ஏலாமலோ விட்டிருக்க வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பன்னிரண்டு வருடம் கோழிகளுக்குக் கொடுத்தோம். மண்ணெண்ணெய் ஒரேயடியாக 87 ரூபாவில் இருந்து 340க்கு ஏறிய 2022ஆம் ஆண்டு, எரிபொருள் வரிசையில் நின்ற அம்மா, "மண்டையனுக்கு இனி இதுவும் கட்டாது" என்றா. அன்றைக்குத்தான் திருத்துவது என்று முடிவெடுத்தேன். ஓட்டச் செலவாகும் என்று தெரிந்த நாளில் திருத்த வெளிக்கிட்ட கணித ஆசிரியை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் போனது இந்தக் கராஜுக்கு இல்லை. ஒரு நகரத்தில், நல்ல பெயர்ப்பலகையும் பொலித்தீன் சுற்றிய கதிரைகளும் உள்ள ஓர் இடம், பெயர் வேண்டாம். அங்கே முதல் கேள்வி, "ஐயா வரேல்லையோ?" இரண்டாவது, "உதை டீசலுக்கு மாத்துவமோ?" அந்த இரண்டாவது கேள்வியில் பிழை சொல்ல மாட்டேன். இலங்கையில் பழைய ஜீப்புகளில் பாதிக்கு மேல் ஜப்பான் டீசல் எஞ்சினோடுதான் கண்ணில் படுகின்றன. மிற்சுபிசி கம்பனியே வில்லிஸிடம் உரிமம் வாங்கி இதே ஜீப்பைப் பல்லாண்டுகள் செய்தது, பிறகு டீசலும் பூட்டியது. ஆனால் எனக்கு வேண்டியது அம்மப்பாவின் ஜீப். அவர்கள் சரி என்று தலையாட்டி வேலையைத் தொடங்கினார்கள்.

அங்கே நடந்ததை இரண்டு எண்ணில் சொல்லலாம். வில்லிஸின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். அவர்களிடம் இருந்தது ஜப்பான் வாகனங்களுக்கான மில்லிமீற்றர் ஸ்பானர் மட்டும், 13ஆம் இலக்கத்தைப் போட்டுத் திருகினார்கள். 0.3 மில்லிமீற்றர் இடைவெளிதானே என்று நினைப்போம். கறள் பிடித்து இறுகிய நட்டில் அந்த 0.3 போதும், மூலை ஆறும் மழுங்கிவிடும். புகை போகும் மானிபோல்டில் மாத்திரம் ஐந்து நட்டு வட்டமாகிவிட்டது. அப்புறம் ஹெட்டைத் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். வரவில்லை. அலவாங்கு மாதிரி ஒன்றை விட்டு நெம்பியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பு வளையாதே, உடையும். ஹெட்டின் ஒரு மூலை, பிள்ளை கடித்து வைத்த பிஸ்கற் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாங்குளத்து அண்ணை அந்த உடைந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. காபரேற்றரைக் கழற்றிப் பழைய சாரத் துண்டொன்றில் வைத்தார். அது இருந்த இடத்தில் சின்னக் கிணறு மாதிரி ஒரு துவாரம். ரோச்சை என் கையில் தந்து, "உதுக்குள்ளை பாருங்கோ" என்றார். கரியும் பிசினும் படிந்த கிணற்றின் அடியில் ஒரு போல்டின் தலை தெரிந்தது.

"மற்ற எல்லாரும் வெளியிலை நிக்கினம். இவர் ஒருத்தர்தான் உள்ளுக்கை. இவரைக் கழட்டாமல் இழுத்தால் யானை வந்தாலும் மண்டை வராது."

அந்த ஒரு போல்டைத்தான் முதல் கராஜ் காணவில்லை. காற்றும் பெற்றோலும் போகும் வழிக்குள்ளேயே ஹெட் போல்ட் ஒன்றை வைத்தார்கள் என்று யார்தான் நினைப்பார்கள்? தெரிந்த ஆள் முதலில் அங்கேதான் கை வைப்பார். டீசல் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டார். நாலாம் நாள் நான் பாடசாலை விட்டுப் போனபோது ஹெட் மேசையில் இருந்தது. போல்ட் தனியே ஓர் அங்கர் பால்மா ரின்னில். ரின்னில் கலண்டர்த் தாள் ஒட்டி, "உள்ளே நின்றவர்" என்று பென்சிலால் எழுதியிருந்தார். உடைந்த மூலை, ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கும் கஸ்கெற் படும் இடத்துக்கு வெளியே என்பதால் அதை அப்படியே விட்டார். ஒட்டப் போய்ச் சூட்டில் ஹெட் வெடித்தால் இன்னொன்றுக்கு எங்கே போவது என்று கேட்டார். சரிதான்.

அந்த ரின்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தப் பகுதியைக் கழற்றினாலும் அதன் போல்ட், நட், வாசர் எல்லாம் ஒரு ரின்னுக்குள் போகும், மேலே கலண்டர்த் தாளில் பெயர் ஒட்டப்படும். என் ஜீப்புக்கு மட்டும் 43 ரின். பத்து மாதம் கழித்துப் பூட்டும்போது ஒரு வாசர்கூடத் தேடவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளின் ஜியோமெற்றிப் பெட்டிகளில் இந்த ஒழுங்கை நான் கண்டதில்லை.

எஞ்சின் வேலைக்கு முழுப்புள்ளி. சிலிண்டர் அரைப்பதும் கிராங் பிடிப்பதும் வவுனியாவில் ஒரு லேத்தில் நடந்தது. பிஸ்ரன், கஸ்கெற், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் என் மருமகன் வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டான். இந்தியாவில் மகிந்திரா கம்பனி இதே ஜீப்பை உரிமம் வாங்கிச் செய்ததால் அந்தச் சாமான் இன்னும் கிடைக்கிறது, பொருந்தவும் செய்கிறது. தேய்மானம் கூட என்பதால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு பெரிய பிஸ்ரன். இதைத் தரம் 10க்குக் கணக்காகவே கொடுத்துவிட்டேன்: சிலிண்டர் விட்டம் 3.125 அங்குலம், பிஸ்ரன் ஓடும் தூரம் 4.375 அங்குலம், நாலு சிலிண்டர், மொத்தக் கனவளவு என்ன? 134 கனவங்குலம் வரும். எஞ்சினுக்குப் புத்தகத்தில் சொல்லும் அளவும் அதுதான். பிறகு விட்டத்தை 3.155 ஆக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட 137. "அப்ப எஞ்சின் வளர்ந்திட்டுதோ ரீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டான்.

வால்வு இடைவெளி வைக்கும் நாளில் கூப்பிடச் சொல்லியிருந்தேன், கூப்பிட்டார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று காலை ஆறரைக்கே வரச்சொன்னார். மேலே நிற்கும் வால்வுகளுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 18 பங்கு, பக்கத்து மூடியைத் திறந்து கீழே நிற்பவற்றுக்கு 16. அந்தத் தகட்டை இடையில் விட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார். லேசாகப் பிடித்து, பிறகு விட்டது. "வெண்ணெய்க்குள்ளை கத்தி போற மாதிரி இருக்கவேணும்." எட்டையும் எனக்குக் காட்டித்தான் இறுக்கினார். காசு வாங்குகிறவர் இப்படி நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

இனிக் குறைகள். மூன்று மாதம் என்றார், பதினாலு மாதம் எடுத்தது. அதில் நாலு மாதம் அவர் கையில் இல்லை என்பது உண்மை: லேத்தில் வரிசை, மாரி, சாமான் தட்டுப்பாடு. மிச்சம் அவருடைய சோம்பல் என்றும் சொல்ல முடியாது. அறுவடை தொடங்கினால் உழவு இயந்திரமும் வெட்டு மெசினும் முன்னால் வந்துவிடும், என் ஜீப் ஓரத்துக்குப் போய்விடும். நெல் கொட்டுண்டு போகிறவனை நிறுத்திவிட்டு ரீச்சரின் ஜீப்பைச் செய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. 12 புள்ளி குறைத்தேன்.

ஃபோன் எடுக்க மாட்டார். கணக்கு ஒரு சீ.ஆர். கொப்பியில், அவருக்கு மட்டும் விளங்கும் எழுத்தில். மதிப்பீடு 380,000 ரூபா என்று வாயால் சொன்னார். கடைசியில் சாமானோடு சேர்த்து 612,500 ஆனது. கொப்பியை இரண்டு மணித்தியாலம் இருந்து நானே கூட்டிப் பார்த்தேன். ஒரு ரூபா பிழையில்லை, ஓர் இடத்தில் தனக்கு 1,500 குறைத்துக்கூடப் போட்டிருந்தார். அதைச் சொல்லிக் கொடுத்தபோது வெட்கப்பட்டார். ஆகவே என் முறைப்பாடு நேர்மையைப் பற்றியது கிடையாது. செலவு ஏறும்போது ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அவ்வளவுதான். சீட்டுக்காசை இரண்டு தரம் முன்கூட்டி எடுக்க வேண்டி வந்தது. ஃபோனுக்கும் கணக்குக்கும் சேர்த்து 8.

தகர வேலை நன்றாகச் செய்கிறார். கால் வைக்கும் தளம் முழுக்க உக்கிப்போய் நிலம் தெரிந்தது. வேறு ஆட்கள் புட்டி பூசி மூடியிருப்பார்கள். இவர் உக்கல் முழுவதையும் வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து ஒட்டினார். பொனற்றின் இரண்டு பக்கமும் தகரத்திலேயே குத்தியிருக்கும் 'வில்லிஸ்' எழுத்துக்குள் இருந்த கறளைப் பல்லுத் தீட்டும் பிரஷ்ஷால் எடுத்தார். ஆனால் பெயின்ற்? தம்பி ஒருவன் அடிக்கிறான். கதவில்லாத ஜீப்பில் அடிக்கக் கிடப்பதே கொஞ்சம், அதிலும் இடது பக்கப் பச்சையும் வலது பக்கப் பச்சையும் ஒன்றில்லை. ஒன்று வேப்பிலை, மற்றது முருங்கையிலை. மழையில் நனைந்தால் தெரியாது, வெயிலில் தெரிகிறது. 5 புள்ளி.

மின்சாரத்தில் ஒரு மாற்றத்துக்கு நானே சம்மதித்தேன். இது 6 வோல்ட் வண்டி. அந்தப் பற்றரிக்கு அலைவதை விட 12க்கு மாற்றுவது புத்தி. சின்ன ஜப்பான் வானொன்றின் ஒல்ரனேற்றர், புது கொயில், புது பல்புகள். ஸ்ராட்டர் மோட்டரை மட்டும் பழையபடியே விட்டார். 6 வோல்ட்டுக்குச் செய்த மோட்டருக்கு 12 கொடுத்தால் முரட்டுத்தனமாகச் சுற்றும், ஆனால் கன நேரம் அமத்திப் பிடிக்கக்கூடாது. பற்றரி பூட்டும்போது தம்பியை ஒருதரம் தடுத்தார். ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் அந்தக் காலத்தில் பிளஸ் முனையை வண்டியின் பொடியில், அதாவது உடல் இரும்பில் பூட்டுவார்கள். அதில் பழகிய கைக்கு இது தலைகீழ், வில்லிஸில் பொடிக்குப் போவது மைனஸ். தெரியாமல் மாற்றியிருந்தால் புது ஒல்ரனேற்றர் அந்த நிமிடமே போயிருக்கும்.

பிறேக்கைப் பற்றி, இப்படி வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு சொல். நாலு சில்லுக்கும் ஒரே ஒரு ஒயில் வழிதான். எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் நாலும் போய்விடும். அதனால் குழாய் முழுவதையும் புதிதாக்கச் சொன்னார், நான் காசைப் பார்த்துத் தயங்கியபோது, "அப்ப வண்டியைக் கோழிக்கே விடுங்கோ" என்றார். மாற்றினோம். என்றாலும் பின் இடது சில்லு இழுக்கிறது; பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடியபின் தொட்டுப் பார்த்தால் மற்ற மூன்றை விடச் சூடு. இரண்டு தரம் கொண்டுபோய்விட்டேன், இன்னும் சரிவரவில்லை. 4.

கியர் பொக்ஸுக்குப் பின்னால் நாலு சில்லுக்கும் பிரிக்கும் பெட்டியில் ஒயில் கசிவதற்குப் புள்ளி குறைக்கவில்லை. இந்த ஜீப்புகளில் அது கசியும். கீழே வைக்க ஒரு தட்டும் அவரே தந்தார், ஏதோ காரின் பழைய ஹப் கப்.

ஓட்டம் எப்படி? பின் அச்சின் பற்சில்லு விகிதம் 5.38க்கு 1 என்பதால் அறுபதுக்கு மேல் போனால் எஞ்சின் கத்தும், பேச்சுக் கேட்காது. முதலாம் கியருக்கு வண்டி முழுதாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லைக் கடிக்கும். லீற்றருக்கு எனக்கு 7 கிலோமீற்றர் கிடைக்கிறது. வவுனிக்குளத்து அணைக்கட்டுக்கு அடுத்த வயல் பாதையில், மாரிச் சேற்றில், ஆறு மூடை விதைநெல்லோடு நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்துவிட்டு இரண்டாம் கியரில் விட்டால் இந்தச் செலவெல்லாம் ஞாபகம் வராது. முதல் ஓட்டம் முறிகண்டிக்குத்தான். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அம்மாவை முன்சீற்றில் இருத்திக் கொண்டு வந்தேன். முன்சீற்றுக்குக் கீழேதான் பெற்றோல் தாங்கி. அம்மா வழி நீள, "மண்ணெண்ணெய் மணக்குதடி" என்றபடி வந்தா. தாங்கியை மூன்று தரம் கழுவினோம், எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

கலியாணத்துக்கு வாடகைக்கு விட மினுக்கிக்கொண்டு நிற்கும் பழைய அமெரிக்கக் கார் வேண்டுமென்றால் இந்த இடம் சரிவராது. கொழும்பில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் வண்டி கைக்கு வரவேண்டும் என்றாலும் போகாதீர்கள். வில்லிஸ், பழைய ஒஸ்ரின், மொறிஸ், மாசி பெர்கசன் உழவு இயந்திரம் என்று பாட்டன் காலத்து இரும்பு வைத்திருந்து, அது பழையபடியே ஓட வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம். முற்பணம் ஓர் இலட்சம் கேட்பார். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், எழுத மாட்டார், நீங்களே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். திங்கட்கிழமை போகவேண்டாம், அன்றைக்கு லேத் வேலைக்கு வவுனியா போய்விடுவார். வீட்டில் வெறும் பால்மா ரின் இருந்தால் மூடியோடு கொண்டுபோங்கள், அங்கே எப்போதும் தட்டுப்பாடு.